இணையவழி எண்ணிம ஓவியக் கல்வியில் திருத்தத்தின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

கணினித் திரையிலும் வரைபலகையிலும் ஓவியம் கற்க விரும்புவோர்க்கு இன்று இணையவழிப் படிப்புகள் பெருமளவில் கிடைக்கின்றன. மென்பொருளைக் கையாளும் முறையைக் காணொலி வழியே கற்பிப்பது எளிது. வரைதலுக்கு அடிப்படையான காணும் திறனை அவ்வாறு கற்பிப்பது அரிது. இவ்வேறுபாட்டிற்கான காரணம், பாடம் தொலைவு கடந்து செல்வது போல் ஆசிரியரின் திருத்தம் எளிதில் செல்வதில்லை என்பதே என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. எண்ணிமக் கருவியின் இயல்பு, செயல்தவிர்க்கும் வசதி கற்றலில் ஏற்படுத்தும் விளைவு, அஞ்சல்வழி ஓவியக் கல்வியின் முன்வரலாறு, இன்றைய இணையவழிப் படிப்புகளின் வகைகள் ஆகியவை இதில் ஆராயப்படுகின்றன. எண்ணிமக் கருவியின் அடுக்கு வசதியே திருத்தத்தைத் தொலைவிலிருந்து வழங்குவதற்கு ஏற்ற வழி என்பதும், அதனைத் தமிழ்வழியில் நடைமுறைப்படுத்தும் முறையும் முடிவாக எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எண்ணிம ஓவியம், இணையவழிக் கல்வி, திருத்தம், அடுக்கு, செயல்தவிர்ப்பு, புனையா ஓவியம், அஞ்சல்வழிக் கல்வி.

முன்னுரை

ஓவியம் நெடுங்காலமாக ஆசிரியரின் அருகிருந்து கற்கப்பட்ட கலையாகும். மாணவர் வரைவார், ஆசிரியர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார், பிழை நேர்ந்த இடத்தில் தாமே ஒரு கோட்டை இட்டுக் காட்டுவார். ஓவியத்திற்கென நூல்கள் இருந்த காலத்திலும் இந்நிலை மாறவில்லை. நாடக மகளிர் பயில வேண்டிய கலைகளைக் கூறும்பொழுது மணிமேகலையின் ஊரலர் உரைத்த காதை ஓவிய நூல் ஒன்றனைக் குறிப்பிடுகிறது. ஆயினும், நூல் மட்டும் ஒருவரை ஓவியராக்கும் என்று எந்த மரபும் கருதியதாகத் தெரியவில்லை. விதியை நூல் சொல்லும். அவ்விதி மாணவரின் கையில் எங்கே தவறியது என்பதை ஆசிரியரே சொல்ல முடியும்.

இன்று வரைபலகையும் எண்ணிமப் பேனாவும் இணைய இணைப்பும் உடைய ஒருவர், எந்த ஊரிலிருந்தும் உலகின் தேர்ந்த ஓவியர்கள் வரைவதைக் காணொலியில் காணலாம். கோடு எவ்வாறு தொடங்குகிறது, வண்ணம் எவ்வாறு படிகிறது என்பனவற்றை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். கலைக்கல்லூரியில் இடம் பெற இயலாதோர்க்கும், பணியிலிருந்துகொண்டே கற்க விரும்புவோர்க்கும் இது பெரும் வாய்ப்பாகும். எனினும், பல மாதங்கள் காணொலி பார்த்தும் மென்பொருளின் பொத்தான்களை எல்லாம் அறிந்தும், எளிய பாத்திரம் ஒன்றனைப் பார்த்துச் சரியாக வரைய இயலாத நிலை கற்போரிடையே காணப்படுகிறது. இந்நிலைக்கு உரிய காரணத்தைக் கண்டறிவது ஓவியக் கல்விக்கு மட்டுமன்றி, செய்முறைத் திறன்களை இணையவழியில் கற்பிக்க முயலும் அனைத்துத் துறைகளுக்கும் பயன்படும்.

1. எண்ணிமக் கருவியின் தோற்றமும் இயல்பும்

கணினித் திரையில் கையால் வரையும் முறைக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டு வரலாறு உண்டு. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் 1963-இல் தம் முனைவர் பட்ட ஆய்வின் பகுதியாக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்னும் நிரலில், ஒளிப்பேனாவைக் கொண்டு திரையில் நேரடியாகக் கோடுகளை வரைய முடிந்தது. 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் ரிச்சர்ட் ஷூப் உருவாக்கிய சூப்பர்பெயின்ட், வண்ணம் தீட்டுவதற்குரிய தொடக்ககால அமைப்புகளுள் ஒன்று. 1984-இல் மேக்பெயின்ட், 1990-இல் ஃபோட்டோஷாப் ஆகியவை வெளிவந்தபின் இக்கருவிகள் ஆய்வுக்கூடத்தைக் கடந்து பொதுப் பயன்பாட்டிற்கு வந்தன. பிரோகிரியேட் 2011-இல் வெளிவந்தது. கிரிட்டா, ஜிம்ப் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன.

இக்கருவிகளின் இயல்பை மூன்று கூறுகளாக நோக்கலாம். முதலாவது தூரிகை. மென்பொருளில் தூரிகை எனப்படுவது பெரும்பாலும் ஒரு சிறு முத்திரை வடிவமாகும். பேனா செல்லும் பாதையில் அம்முத்திரை மிக நெருக்கமாகத் திரும்பத் திரும்பப் பதிக்கப்படுவதால், அது கண்ணுக்குத் தொடர்ச்சியான கோடாகத் தோன்றுகிறது. பேனாவின் அழுத்தத்திற்கேற்ப முத்திரையின் பருமனோ அடர்த்தியோ மாறுகிறது. இன்றைய வரைபலகைகள் பலவும் 8192 நிலைகள் வரை அழுத்தத்தைப் பிரித்தறிகின்றன. கோட்டின் நடுக்கத்தைத் தானே சீர்செய்யும் வசதியும் மென்பொருள்களில் உண்டு.

இரண்டாவது அடுக்கு. லேயர் என்று கற்போர் வழங்கும் இவ்வசதி, கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரைவதற்கு ஒப்பானது. ஓர் அடுக்கில் கோடு, மற்றோர் அடுக்கில் வண்ணம், வேறோர் அடுக்கில் நிழல் எனப் பிரித்து வரையலாம். ஒன்றனைத் தொடாமல் மற்றொன்றனை மாற்றலாம். இதன் முன்னோடி அசைவூட்டப் படத்துறையில் உள்ளது. ஒளிபுகும் செல்லுலாய்டுத் தாள்களில் உருவங்களைத் தனியே வரைந்து பின்னணியின்மேல் வைக்கும் முறைக்கு 1914-இல் எர்ல் ஹர்ட் காப்புரிமை கோரினார். 1994-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பின் மூன்றாம் பதிப்பு அடுக்குகளைக் கொண்டிருந்தது.

மூன்றாவது செயல்தவிர்ப்பு. அன்டூ எனப் பரவலாக அறியப்படும் இவ்வசதி, கடைசியாகச் செய்ததை இல்லாததாக்குகிறது. பிரோகிரியேட்டில் 250 படிகள் வரை பின்செல்லலாம். தாளில் வரைவோர் அறியாத வசதி இது. கற்றலில் ஆழ்ந்த விளைவை ஏற்படுத்துவதும் இதுவே.

2. கருவிப் பயிற்சியும் கண் பயிற்சியும்

எண்ணிம ஓவியம் கற்பதில் வெவ்வேறான இரண்டு பயிற்சிகள் கலந்துள்ளன. அடுக்கை உருவாக்குதல், தூரிகையைத் தேர்தல், கோப்பைச் சேமித்தல், அச்சுக்கேற்ற அளவை வகுத்தல் முதலியன கருவிப் பயிற்சியைச் சாரும். ஏ4 தாளில் அங்குலத்திற்கு 300 படப்புள்ளிகள் வீதம் அச்சிட வேண்டுமாயின், 2480க்கு 3508 படப்புள்ளிகள் கொண்ட பரப்பில் வரைதல் வேண்டும் என்பது இத்தகைய அறிவு. இதனை ஒருமுறை சொன்னாலே போதும். காணொலிக்கு மிகவும் ஏற்ற பாடம் இது.

பொருளின் அளவுகளை ஒப்பிடுதல், சாய்வைக் கணித்தல், ஒளிநிழலின் ஏற்றத்தாழ்வை உணர்தல், எதனை விடுவது எதனை வரைவது எனத் தெரிதல் ஆகியவை கண் பயிற்சியைச் சாரும். இவற்றைச் சொல்லால் அறிவது வேறு, செய்யும்போது அடைவது வேறு. நீள்வட்டத்தின் விதியை அறிந்த மாணவரே நீள்வட்டத்தைத் தவறாக வரைவார். தவறாக வரைந்ததை அவர் சரியென்றே காண்பார். கண் பயிற்சியில் அறியாமைக்குத் தன்னையே மறைத்துக்கொள்ளும் இயல்பு உண்டு. இங்குதான் பிறரின் கண் இன்றியமையாததாகிறது.

ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னியின் வரலாறு இவ்விரு பயிற்சிகளின் உறவைத் தெளிவாக்குகிறது. 1937-இல் பிறந்த அவர், 2009-இல் ஐபோனிலும் அதன்பின் ஐபேடிலும் வரையத் தொடங்கினார். யார்க்‌ஷயர்ப் பகுதியின் வோல்ட்கேட் சாலையில் வசந்தம் வருவதை 2011-இல் ஐபேடில் தொடர் ஓவியங்களாக வரைந்தார். எழுபது வயதைக் கடந்தபின் கைக்கொண்ட புதிய கருவியில் அவர் விரைந்து தேர்ச்சி பெற்றமைக்கு, பிராட்ஃபோர்டிலும் இலண்டன் அரசுக் கலைக்கல்லூரியிலும் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் தாளிலும் துணியிலும் பழகிய கண்ணே காரணம் எனலாம். புதிதாகக் கற்போர் இவ்வரிசையைத் தலைகீழாகத் தொடங்குகின்றனர். கருவி முதலில் கைக்கு வருகிறது. கண் பின்னர் வளர வேண்டியுள்ளது.

கருவியின் சில வசதிகள் கண் பயிற்சியைத் தள்ளிப்போடவும் செய்கின்றன. ஒளிப்படத்திலிருந்து வண்ணத்தைத் தொட்டெடுக்கும் வசதி, வண்ணத்தைக் கணிக்க வேண்டிய தேவையை நீக்குகிறது. ஒரே வண்ணம் சுற்றியுள்ள வண்ணங்களுக்கேற்ப வெவ்வேறாகத் தோன்றும் என்பதை ஜோசப் ஆல்பர்ஸ் 1963-இல் வெளியிட்ட தம் நூலில் பயிற்சிகள் வாயிலாக விளக்கினார். தொட்டெடுத்துப் பழகியவர் இவ்வுண்மையை எதிர்கொள்வதே இல்லை. அவ்வாறே, திரையை வேண்டிய அளவு பெரிதாக்கும் வசதி, முழு உருவம் அமையுமுன்பே கண்ணிமையையும் மயிரிழையையும் வரையத் தூண்டுகிறது. நடுக்கத்தைச் சீர்செய்யும் வசதி, கையின் தளர்ச்சியைக் கற்பவரிடமிருந்தே மறைக்கிறது. இவ்வசதிகள் தேர்ந்த ஓவியருக்கு நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. தொடக்க நிலையில் உள்ளவரிடமிருந்து பயிற்சியைப் பறித்துவிடுகின்றன.

3. செயல்தவிர்ப்பும் பிழையின் விலையும்

தாளில் மையால் இட்ட கோடு நிலைத்துவிடும். ஆகவே கோடிடுமுன் நின்று எண்ணும் பழக்கம் தானே வளர்கிறது. செயல்தவிர்ப்பு அப்பழக்கத்திற்கான தேவையைக் குறைக்கிறது. கோட்டை இடுதல், நீக்குதல், மீண்டும் இடுதல் என்னும் சுழற்சியில் ஒரே கோடு பலமுறை இடப்படுகிறது. இறுதியில் அமைந்த கோடு நன்றாகவே இருக்கக்கூடும். ஆனால் அது முயற்சிகளுள் தற்செயலாகத் தேறியதே தவிர, திட்டமிட்டு இட்டதன்று. நீக்கப்பட்ட கோடுகள் எவ்வாறு தவறின, வலப்புறம் சாய்ந்தனவா, குறுகினவா என்பதை ஆராய அவை எஞ்சியிருப்பதுமில்லை. பிழையின் விலை குறைந்தபோது பிழை தரும் பாடமும் உடன் மறைந்துவிட்டது.

இதனை உணர்ந்து வகுக்கப்பட்ட இணையவழிப் பாடத்திட்டம் ஒன்று உண்டு. டிரா-அ-பாக்ஸ் என்னும் இலவசப் படிப்பு, எண்ணிம ஓவியராக விரும்புவோரையும் முதலில் தாளில் மைப்பேனாவால் பயிலுமாறு வலியுறுத்துகிறது. கோடிடுமுன் அதன் பாதையில் கையை வெறுமனே நகர்த்திப் பார்த்துப் பின்னரே இடும் முறையை அது கற்பிக்கிறது. 250 பெட்டிகளை வெவ்வேறு கோணங்களில் வரையும் பயிற்சி அதில் உண்டு. வரைந்த ஒவ்வொரு பெட்டியின் கோடுகளையும் நீட்டி, அவை எங்கே கூடத் தவறுகின்றன என்பதைக் கற்பவரே கண்டறிதல் வேண்டும். இவ்வாறு பிழையை அழிக்காமல் தாளிலேயே வைத்து அளந்து பார்ப்பது அப்பயிற்சியின் உயிராகும். கன்ட்ரோல் பெயின்ட் என்னும் எண்ணிம ஓவியக் காணொலித் தொகுப்பும், தாளில் வரையும் பாடங்களை முதலில் வைத்துப் பின்னரே மென்பொருளுக்குச் செல்கிறது.

தமிழர் இல்லங்களில் கோலம் கற்கும் முறையும் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. ஈரத்தரையில் மாவிழைத்துச் செல்லும் விரல் நடுவில் தயங்கினால் இழை தடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். புள்ளிகளை எண்ணி வைத்து, இழையின் போக்கை மனத்தில் ஓடவிட்டே கை தொடங்குகிறது. மறுநாள் அக்கோலம் இராது. புதிதாக இட வேண்டும். பிழைக்கு உடனடி விலை உண்டு. ஆயினும் அவ்விலை ஒரு நாளைக்கு உரியதே. கற்றலுக்கு ஏற்ற நிலை இவ்விரண்டின் இடையே அமைகிறது எனலாம். பிழை கண்ணில் படும் அளவிற்கு நிலைக்க வேண்டும். அச்சுறுத்தும் அளவிற்கு நிலைக்கலாகாது.

4. தொலைவிலிருந்து ஓவியம் கற்றல்: முன்வரலாறு

ஆசிரியரின் அருகில் இல்லாமல் ஓவியம் கற்கும் முயற்சி இணையத்தோடு தொடங்கியதன்று. பிரெஞ்சு ஓவியர் சார்ல் பார்க், ஜான்-லியோன் ஜெரோமுடன் இணைந்து 1860-களின் பிற்பகுதியில் வெளியிடத் தொடங்கிய கல்லச்சுப் படத்தொகுப்பு, மாணவர் பார்த்து வரைவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. வின்சென்ட் வான்கோ 1880-இல் ஓவியராவதெனத் துணிந்தபோது, பெல்ஜிய நாட்டுச் சுரங்கப் பகுதியில் ஆசிரியர் எவருமின்றி இப்படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தே பயின்றார். அச்சிட்ட பாடம் அவருக்குக் கைப்பழக்கத்தை அளித்தது. எனினும் 1881-இன் இறுதியில் அவர் ஹேக் நகருக்குச் சென்று, உறவினரான ஓவியர் ஆன்டன் மௌவிடம் வழிகாட்டுதல் பெற்றார். தானே கற்றவர் எனப் போற்றப்படும் ஓவியரும், பாடத்தொகுப்பு தர இயலாத ஒன்றனை நாடி ஆசிரியரிடம் சென்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அஞ்சல்வழி ஓவியப் பள்ளிகள் வளர்ந்தன. பீநட்ஸ் படக்கதையின் ஆசிரியர் சார்லஸ் ஷூல்ஸ், பள்ளிப் படிப்பின் இறுதியாண்டில் மினியாபொலிஸ் நகரின் அஞ்சல்வழிப் பள்ளியொன்றில் சேர்ந்து பயின்றார். அவர் வாழ்ந்த செயின்ட் பால் நகரம் அதற்கு அண்மையிலேயே இருந்தது. எனினும் அவர் தம் பயிற்சிகளை அஞ்சலிலேயே அனுப்பினார். குழந்தைகளை வரையும் பாடத்தில் அவருக்குக் கிடைத்த மதிப்பெண் மிகச் சுமாரானது. பின்னாளில் குழந்தைகளையே மாந்தராகக் கொண்ட படக்கதையால் உலகப் புகழ் பெற்ற அவர், இரண்டாம் உலகப் போருக்குப்பின் அதே பள்ளியில் மாணவர் பயிற்சிகளைத் திருத்தும் ஆசிரியராகப் பணியாற்றினார்.

ஆல்பர்ட் டோர்ன், நார்மன் ராக்வெல் முதலிய ஓவியர்களின் பெயரோடு 1948-இல் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் தொடங்கப்பட்ட ஃபேமஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்கூல், இவ்வாய்விற்கு மிகவும் இன்றியமையாத சான்றாகும். அங்கு மாணவர் அனுப்பிய படத்தின்மேல் ஒளிபுகும் தாளை வைத்து, பணியமர்த்தப்பட்ட ஆசிரியர்கள் திருத்தங்களை வரைந்து, விளக்கக் கடிதத்துடன் திருப்பி அனுப்பினர். மாணவரின் மூலப்படம் சிதையவில்லை. தாளை வைத்தால் திருத்தம் தெரியும். எடுத்தால் தம் பிழை தெரியும். தோளுக்குப் பின்னால் நின்ற ஆசிரியரின் கையை அஞ்சல் உறைக்குள் வைத்து அனுப்பிய முறை இது.

இம்முறையின் தடை செலவாகும். பாடநூலை ஒருமுறை அச்சிட்டால் ஆயிரம் பேருக்கு விற்கலாம்; திருத்தமோ ஒவ்வொருவருக்கும் புதிதாகச் செய்யப்பட வேண்டும். அதே நிறுவனம் நடத்திய எழுத்தாளர் பயிற்சிப் பள்ளியைப் பற்றி ஜெசிகா மிட்ஃபோர்ட் 1970-இல் அட்லாண்டிக் இதழில் எழுதிய கட்டுரை, விளம்பரத்தில் இடம்பெற்ற புகழ்பெற்றோர்க்கும் மாணவர் திருத்தத்திற்கும் தொடர்பில்லை என்பதையும், இடையில் நின்றோர் செலுத்திய கட்டணம் வருவாய்க்குத் துணையாயிற்று என்பதையும் வெளிப்படுத்தியது. ஓரிரு ஆண்டுகளில் அந்நிறுவனம் நொடிப்பு நிலையை அடைந்தது. பாடத்தை விற்பதும் திருத்தத்தை வழங்குவதும் வெவ்வேறு பொருளியல் உடையவை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

5. இணையவழிப் படிப்புகளின் வகைகள்

இன்றைய இணையவழி ஓவியப் படிப்புகளைத் திருத்தம் வழங்கப்படும் முறையின் அடிப்படையில் மூவகைப்படுத்தலாம். முதல் வகையில் காணொலி மட்டுமே உண்டு; கற்பவர் பார்த்துத் தாமே வரைந்துகொள்வார். பார்க் வெளியிட்ட படத்தொகுப்பின் இக்கால வடிவம் இது. இரண்டாம் வகையில் உடன் கற்போர் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துக் கருத்துரைப்பர். டிரா-அ-பாக்ஸ் இம்முறையைப் பின்பற்றுவதோடு, கட்டணம் செலுத்துவோர்க்குத் தனித் திருத்தமும் வழங்குகிறது. மூன்றாம் வகையில் ஆசிரியரே ஒவ்வொரு மாணவரின் படத்தின்மேலும் வரைந்து திருத்தி, அதனைக் காணொலியாகப் பதிந்து தருவார். ஸ்கூலிசம் போன்ற நிறுவனங்களில் இம்முறை உண்டு. ஒருவருக்கு அளித்த திருத்தத்தை மற்றவரும் காணும்போது, ஒரு திருத்தம் பலருக்குப் பயன்படுகிறது.

திருத்தம் இல்லாத நிலையில் கற்போர் தொடர்ந்து பயில்வதும் அரிது. ஓவியத்திற்கே உரிய புள்ளிவிவரம் அன்றெனினும், ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் 2012–13இல் நடத்திய இணையவழிப் படிப்புகளின் தரவுகள் இங்குக் கருதத்தக்கவை. மொத்தப் பதிவுகள் 8,41,687. அவற்றுள் 2,92,852 பதிவுகளுக்குரியோர் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சான்றிதழ் பெற்றவை 43,196 மட்டுமே. அதாவது இருபதில் ஒன்று. சேர்ந்தோர் அனைவரும் சான்றிதழை நாடியவர் அல்லர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. எனினும், தம் முயற்சியை எவரும் பார்க்கப்போவதில்லை என்னும் நிலையில் பயிற்சி தளர்வது இயல்பே.

பார்வையாளரின் விருப்பக்குறி திருத்தத்திற்கு ஈடாகுமா என்னும் வினாவும் எழுகிறது. ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு, விளக்கக் குறிப்பு மட்டும் பெற்ற மாணவரிடம் ஆர்வமும் செயல்திறனும் வளர்ந்ததையும், மதிப்பெண் பெற்றோரிடமும் மதிப்பெண்ணுடன் குறிப்பும் சேர்த்துப் பெற்றோரிடமும் அவ்வளர்ச்சி காணப்படாததையும் காட்டியது. விருப்பக்குறி ஒருவகை மதிப்பெண்ணே. படம் பிடித்ததா என்பதை அது சொல்கிறது. தோள் ஏன் உயர்ந்து தோன்றுகிறது என்பதைச் சொல்வதில்லை.

6. அடுக்கின் வழித் திருத்தம்

கல்வியியலாளர் ராய்ஸ் சாட்லர் 1989-இல், கற்பவர் முன்னேற மூன்று தேவை என வரையறுத்தார்: அடைய வேண்டிய தரத்தை அறிதல், தம் நிலையை அத்தரத்தோடு ஒப்பிடுதல், இடைவெளியைக் குறைக்கும் செயலில் ஈடுபடுதல். காணொலி முதலாவதை நன்கு நிறைவேற்றுகிறது. இரண்டாவதே இணையவழியில் விடுபடுவது. எண்ணிமக் கருவியின் அடுக்கு அவ்விடைவெளியை நிரப்ப வல்லது. வெஸ்ட்போர்ட் ஆசிரியர்கள் ஒளிபுகும் தாளில் செய்ததை, ஆசிரியர் இன்று மாணவரின் கோப்பிலேயே புதிய அடுக்கொன்றில் செய்யலாம். அஞ்சல் காலமும் தாளின் செலவும் இல்லை.

எடுத்துக்காட்டாக, மேசைமேல் வைத்த செம்பொன்றனை மாணவர் வரைவதாகக் கொள்ளலாம். தொடக்க நிலையினர் வாய்விளிம்பைத் திறந்த வட்டமாகவும், அடிப்பகுதியை நேர்கோடாகவும் வரைவர். செம்பின் வாய் வட்டம், அடி தட்டை என்று மனம் அறிந்திருப்பதே இதற்குக் காரணம். கண் கண்டது அதுவன்று. கண்மட்டத்திற்குக் கீழே உள்ள பொருளில், கீழே செல்லச் செல்ல நீள்வட்டம் மேலும் விரிந்து தோன்றும். ஆகவே அடிவிளிம்பின் வளைவு, வாய்விளிம்பின் வளைவைவிட மிகுதியாக இருத்தல் வேண்டும். இதனைக் காணொலியில் நூறுமுறை கேட்ட மாணவரும் தம் படத்தில் அடி நேர்கோடாக இருப்பதைக் காணமாட்டார். ஆசிரியர் புதிய அடுக்கில் நடு அச்சு, வாய் நீள்வட்டம், அடி வளைவு ஆகிய மூன்று கோடுகளை மட்டும் இடுகிறார். மாணவர் அவ்வடுக்கை ஒளித்தும் காட்டியும் பார்க்கும்பொழுது, தாம் அறிந்ததற்கும் கண்டதற்கும் உள்ள வேறுபாடு முதன்முறையாகக் கண்ணுக்குப் புலனாகிறது.

இவ்விடத்தில் ஆசிரியர் தவிர்க்க வேண்டியதும் ஒன்றுண்டு. படம் முழுவதையும் அழகுபட வரைந்து முடித்துத் தந்தால், மாணவர் ஆசிரியரின் திறனை வியப்பாரேயன்றித் தம் பிழையை அறியார். திருத்தம் சிலவாகவும் தெளிவாகவும் அமைதல் வேண்டும். மாணவர் திருத்தத்தின்மேல் படியெடுக்காமல், அதனை மறைத்துவிட்டுப் புதிய பக்கத்தில் மீண்டும் வரைதலும் வேண்டும்.

எண்ணிமக் கருவி தற்திருத்தத்திற்கும் துணைபுரிகிறது. படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால், பழகிய கண்ணுக்கு மறைந்திருந்த கோணல் வெளிப்படும். படத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பிழை காணுமாறு லியோனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில் கூறிய அறிவுரையின் எண்ணிம வடிவம் இது. வண்ணத்தை நீக்கிக் கருமை வெண்மையாக்கிப் பார்த்தால் ஒளிநிழல் அளவு சரியாக அமைந்ததா என்பது தெரியும். வரைந்த வரிசையை விரைவுக் காணொலியாகப் பதியும் வசதியால், மாணவர் முழு உருவத்திலிருந்து தொடங்கினாரா, நுணுக்கத்திலிருந்து தொடங்கினாரா என்பதையும் ஆசிரியர் காணலாம். தாளில் முடிந்த படத்தை மட்டும் பெற்ற அஞ்சல்வழி ஆசிரியர்க்கு இவ்வாய்ப்பு இருந்ததில்லை. ஆயினும் இவ்வசதிகளால் பயன்பெற, எதனைப் பிழை எனக் கருதுவது என்னும் அறிவு முன்னரே வேண்டும். அவ்வறிவை ஆசிரியரின் திருத்தமே தொடங்கி வைக்கிறது.

7. தமிழ்வழித் திருத்தமும் கலைச்சொற்களும்

திருத்தத்திற்குச் சொல் வேண்டும். மென்பொருளின் பொத்தான் பெயர்கள் ஆங்கிலத்தில் இருப்பது தமிழ்வழிக் கற்போர்க்குப் பெருந்தடையன்று. சில நாட்களில் அவை பழகிவிடும். தன் படத்தில் என்ன தவறு என்பதை உணர்த்தும் சொற்கள் தாய்மொழியில் இல்லாமையே பெருந்தடையாகும். சாய்வு, அச்சு, கண்மட்டம், விளிம்பு, ஒளிநிழல் அளவு, எதிரொளி, இடைவெளி முதலிய சொற்கள் தமிழில் இயல்பாகவே உள்ளன. இவற்றை ஒரே பொருளில் தொடர்ந்து வழங்கினால் போதும்.

பழந்தமிழும் இதற்குத் துணைநிற்கிறது. நெடுநல்வாடையிலும் மணிமேகலையிலும் இடம்பெறும் புனையா ஓவியம் என்னும் தொடர், வண்ணம் தீட்டப்பெறாத கோட்டோவியத்தைக் குறிக்கும் என்பதை உரைகள் வழி அறியலாம். கோட்டடுக்கு முதலில், வண்ண அடுக்கு பின்னர் என அமையும் எண்ணிம ஓவிய முறைக்கு, இச்சொல் வலிந்து பொருத்தப்படாமல் தானே பொருந்துகிறது. வண்ணத்தால் மறைக்க இயலாத நிலையில் கோடு தன் குறைநிறைகளை முழுமையாகக் காட்டும். ஆதலின் திருத்தம் புனையா ஓவிய நிலையிலேயே நிகழ்தல் சிறப்பு.

8. பாட வடிவமைப்புக்கான நெறிகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில், இணையவழி எண்ணிம ஓவியப் படிப்பை வகுப்போர் சில நெறிகளைக் கருதலாம். தொடக்க வாரங்களில் ஒரே தூரிகை, ஓரிரு அடுக்குகள் என வசதிகளை வரையறுத்தலும், குறிப்பிட்ட பயிற்சிகளைத் தாளில் மையால் செய்வித்தலும் கைத்திட்டத்தை வளர்க்கும். எண்ணிமத்தில் வரையும்போது தவறிய கோட்டை நீக்காமல், அதனை மங்கலாக்கி அதன்மேல் புதிய அடுக்கில் வரையுமாறு பழக்கினால் பிழையின் தடம் எஞ்சும். காணொலியின் நீளத்தைக் குறைத்து, ஒவ்வொரு பாடத்திற்கும் ஒரு திருத்தத்தையேனும் உறுதிசெய்தல் வேண்டும். ஆசிரியர் எண்ணிக்கை போதாத இடத்தில், மூன்று வினாக்கள் கொண்ட படிவத்தை வழங்கி உடன் கற்போரைப் பயிற்றலாம்: அச்சு நேராக உள்ளதா, அளவுகள் பொருந்துகின்றனவா, ஒளி எத்திசையிலிருந்து வருகிறது என்பது தெரிகிறதா. பிறர் படத்தில் பிழை காணப் பழகிய கண்ணுக்குத் தன் படத்தின் பிழையும் மெல்லத் தெரியவரும். திருத்தத்திற்குப்பின் வரைந்த இரண்டாம் படத்தையே மதிப்பீட்டிற்குக் கொள்ளுதல், திருத்தத்தைத் தண்டனையாகக் கருதும் மனநிலையை மாற்றும்.

முடிவுரை

எண்ணிமக் கருவி ஓவியம் வரைவதை எளிதாக்கியுள்ளது. ஓவியம் கற்பதை அதே அளவில் எளிதாக்கவில்லை. செயல்தவிர்ப்பு பிழையை அழிப்பதோடு அது தரும் பாடத்தையும் அழித்துவிடுகிறது. காணொலி தரத்தைக் காட்டுகிறது. கற்பவர் அத்தரத்திலிருந்து எவ்வளவு விலகியுள்ளார் என்பதைக் காட்டுவதில்லை. பார்க்கின் படத்தொகுப்பிலிருந்து இன்றைய காணொலிவரை, பாடம் தொலைவைக் கடந்துள்ளது; திருத்தம் பெரும்பாலும் பின்தங்கியே வந்துள்ளது. வெஸ்ட்போர்ட்டின் ஒளிபுகும் தாள் இக்குறையை நீக்க எடுத்த முயற்சி. எண்ணிம அடுக்கு அம்முயற்சியை எளிதாகவும் குறைந்த செலவிலும் நிகழ்த்தும் வாய்ப்பை அளிக்கிறது. ஆசிரியரின் நேரமும் கவனமும் மட்டும் இன்னமும் மலிவாகவில்லை. எனவே ஒரு படிப்பில் சேர விரும்புவோரும், அதனை வகுக்க விரும்புவோரும் முதலில் கேட்க வேண்டிய வினா, அதில் எத்தனை மணிநேரக் காணொலி உண்டு என்பதன்று. மாணவர் வரைந்ததை யார் பார்ப்பார், பார்த்தபின் எங்கே கோடிட்டுக் காட்டுவார் என்பதே.